வேங்கடவனுக்கு ஐந்து இசைத்தட்டுகள்

சித்தூர் பஸ் நிலையத்தில் பொழுது விடியுமுன்பே திருப்பதி பஸ் புறப்படத் தயாராக நிற்கும். டீக்கடை பாய்லரில் ஆவி பறக்கும். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும் கடைக்காரர் செய்யும் முதல் காரியம் பாட்டுப் போடுவதுதான். ஒரு காலத்தில் அது இசைத்தட்டு. பிறகு ஒலிநாடா வந்தது. இன்று கைப்பேசி. கருவி மாறியதே தவிர, குரல் மாறவில்லை.

மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர், திருப்பதி அலுவலகத்துக்குப் போகும் குமாஸ்தா, நகரியிலிருந்து தறி வேலையாக வந்தவர் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டபடியே டீயை உறிஞ்சுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தமிழ். மீதிப் பேர் தெலுங்கு. பாடுவது யார் என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரல் அது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதை அறியாத வீடு இல்லை. ஆனால் பதினாறு, பதினேழு ஆண்டுகள் கழித்து, அதே சந்நிதிக்காக அவர் பாடிக் கொடுத்த ஐந்து நீண்ட இசைத்தட்டுகளின் கதை அவ்வளவு பேருக்குத் தெரியாது. ‘பாலாஜி பஞ்சரத்னமாலை’ என்பது அந்தத் தொகுப்பின் பெயர். அது பக்தியின் கதை மட்டுமல்ல. கஷ்ட காலத்திலும் கை நீட்டாமல் உழைத்து வாங்கிய ஒரு குடும்பத்தின் கதையும் ஆகும்.

கொடுத்தே பழகிய கை

எம்.எஸ். அம்மையார் 1916 செப்டம்பர் 16-ல் மதுரையில் பிறந்தவர். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே அவர் குரல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. 1940-ல் தியாகராஜ சதாசிவம் அவர்களைத் திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டு சதாசிவமும் எழுத்தாளர் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதற்கு முதல் வேண்டியிருந்தது. ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேடம் கட்டி நடித்து, அந்தச் சம்பளத்தைப் பத்திரிகைக்குத் தந்தவர் அம்மையார்தான்.

பிறகு வந்த பணமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், பெரும்பகுதி பிறருக்கே போயிற்று எனலாம். 1944-ல் கஸ்தூரிபா காந்தி நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். பின்னாலும் மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில் என்று அவர் பாடிக் கொடுத்த நன்கொடைக் கச்சேரிகள் இருநூறுக்கும் மேல். சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே விட்டுக் கொடுத்தார். 1974-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது பொதுச் சேவைக்கான பிரிவிலேயே அது வழங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படிக் கொடுத்த கைக்கும் நெருக்கடி வந்தது. எழுபதுகளில் பத்திரிகைத் தொழிலில் ஏற்பட்ட பணமுடை குடும்பத்தைச் சூழ்ந்தது. கீழ்ப்பாக்கத்தில் ‘கல்கி தோட்டம்’ என்று எல்லோரும் அறிந்திருந்த பெரிய வீட்டை விட்டுவிட்டு, நுங்கம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு அவர்கள் குடிபோனார்கள். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவர், 1968-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு வாடகை வீட்டில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

அன்பளிப்பு அல்ல, ஊதியம்

இந்தச் செய்தி திருப்பதிக்கும் எட்டியது. அப்போது தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். 1978 முதல் 1982 வரை அந்தப் பொறுப்பில் இருந்த அவர், பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. வழிதான் எளிதாக இல்லை. உண்டியலில் பக்தர்கள் போடும் காசைத் தனி ஒருவருக்கு அன்பளிப்பாகத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. ஒருவேளை கொடுக்க முடிந்தாலும், வாழ்நாளெல்லாம் கோயில்களுக்குக் கொடுத்தே பழகிய தம்பதி அதை வாங்கிக்கொள்வார்களா?

கடைசியில் கிடைத்த வழி மிக எளிமையானது. அம்மையாரிடம் வேலை கேட்பது! அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளை அவர் பாட வேண்டும். தேவஸ்தானம் அவற்றை இசைத்தட்டுகளாகக் கொண்டுவரும். பாடியதற்கு உரிய ஊதியம் தரும். கோயிலுக்கும் ஆதாயம், பாடகிக்கும் கௌரவம். அம்மையார் இதற்குச் சம்மதித்தார்.

ஊரை விட்டு வந்து உழைக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசியில் முதலாளி கொடுக்கும் இனாமும் வேலைக்குக் கிடைக்கும் கூலியும் ஒரே தொகையாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இரண்டுக்கும் எடை வேறு.

செப்பேட்டில் தூங்கிய பாட்டு

பாட வேண்டிய பாட்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408-ல் இன்றைய ஆந்திர மாநிலத்தின் தாள்ளபாக்கம் கிராமத்தில் பிறந்தவர், 1503-ல் மறைந்தவர். திருவேங்கடமுடையான்மீது அவர் முப்பத்தி இரண்டாயிரம் கீர்த்தனைகள் பாடியதாக அவருடைய பேரன் சின்னன்னா எழுதிய வரலாறு கூறுகிறது. இன்று கிடைப்பவை பன்னிரண்டாயிரத்துக்கும் சற்று மேல்.

அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியார் காலத்தில் இந்தப் பாட்டுகளைச் செப்பேடுகளில் வெட்டி, திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறிய அறையில் வைத்தார்கள். ‘சங்கீர்த்தன பண்டாரம்’ என்று அதற்குப் பெயர். காலப்போக்கில் அந்த அறையை மறந்தே போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் ஏடுகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள்! வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்த கிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் திருப்பதியில் உட்கார்ந்து அவற்றைப் படித்துப் பதிப்பித்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். செப்பேட்டில் சாகித்தியம் இருந்தது. ராகத்தின் பெயரும் இருந்தது. ஆனால் மெட்டு இல்லை. ஸ்வரக் குறிப்பு எதுவும் வெட்டப்படவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அன்னமாச்சாரியார் எப்படிப் பாடினார் என்பது அவரோடு போய்விட்டது. எனவே புதிதாக மெட்டு அமைத்தால்தான் பாட முடியும். ராள்ளபள்ளி சர்மா நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டமைத்து, ஸ்வரப்படுத்தி வெளியிட்டார். 1974-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற அந்த முதியவர், 1979 மார்ச் மாதம் காலமானார். அவருக்கு அடுத்த தலைமுறையில் இந்தப் பணியை எடுத்துச் செய்தவர்களில் முதன்மையானவர் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி.

1978-ல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கியது. இளம் பாடகர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2025-ல் காலமான கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் அந்தத் திட்டத்தில் வளர்ந்து நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர். ஆனால் பாட்டு திருப்பதியைத் தாண்டி நாடெங்கும் போக வேண்டுமானால், நாடறிந்த ஒரு குரல் தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் எம்.எஸ். அம்மையார் வந்து சேர்ந்தார்.

அறுபது வயதுக்கு மேல் மாணவி

பஞ்சரத்னமாலைக்காக அம்மையாருக்கு அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைச் சொல்லிக் கொடுத்தவர் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி. 1927-ல் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் பிறந்த அவர், அம்மையாரைவிடப் பதினோரு வயது இளையவர். அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்ததே 1991-ல்தான். அவரை எதிரே உட்கார வைத்து, அறுபத்து மூன்று வயதுப் பெரிய வித்துவாம்சினி மாணவியாக அமர்ந்து பாடம் கேட்டார். ரேவதி ராகத்தில் அமைந்த ‘நானாட்டி பதுகு’ நேதுநூரி மெட்டமைத்த பாட்டு. பிறப்பும் மெய், இறப்பும் மெய், இடையில் உள்ளதெல்லாம் நாடகம் என்ற கருத்துடைய அந்தப் பாட்டு, பெரிய வீட்டை விட்டுவந்த ஒருவர் வாயிலிருந்து வரும்போது கேட்பவரின் நெஞ்சைத் தொடாமல் இருக்காது.

தமிழர் தெலுங்கு பாடுவதில் உள்ள தொல்லை சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் ‘ப’ என்று ஒரே எழுத்து. தெலுங்கில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. ‘பாவமுலோன’ என்ற புகழ்பெற்ற கீர்த்தனையையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் எழுதினால் அது ‘பாவம்’ போலத்தான் தெரியும். தமிழர் தம் வழக்கப்படி அழுத்திச் சொன்னால், ‘ஐயோ பாவம்’ என்பதில் வரும் பாவமாகவே காதில் விழும். அன்னமாச்சாரியார் சொன்னதோ உள்ளத்து உணர்வாகிய பாவம். முதல் எழுத்து நெஞ்சிலிருந்து மூச்சோடு வர வேண்டும். அம்மையாரின் தட்டில் அந்த எழுத்து எப்படி விழுகிறது என்று கவனித்துக் கேட்டால், அவர் பட்ட பாடு புரியும். ‘மனசு’க்கும் ‘மனுசி’க்கும் தடுமாறிக் கடை வாசலில் சிரிப்புக்கு ஆளானவர்கள், வந்த முதல் வருஷத்தை நினைத்துக்கொள்வார்கள்.

பத்துப் பக்கங்கள்

நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுக்குச் சற்று கூடுதலாகச் சுழலும் நீண்ட இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல் பாட்டு அடங்கும். ஐந்து தட்டென்றால் பத்துப் பக்கங்கள். கச்சேரியில் ஒரே ராகத்தை அரை மணி நேரம் விரித்துப் பாடியவருக்கு இங்கே அந்த இடம் இல்லை. முன்னால் ஒரு சுலோகம், பிறகு கீர்த்தனை, அவ்வளவுதான். நீண்ட ஆலாபனையோ கற்பனை ஸ்வரமோ கிடையாது. பாட்டின் சொல்லைத் தெளிவாகக் கேட்பவர் காதில் சேர்ப்பதே நோக்கம். சங்கீதம் கற்காதவர்கள்கூட இரண்டு தடவை கேட்டால் கூடவே முணுமுணுக்க முடிவது இதனால்தான்.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தத் தட்டுகள் வெளிவந்தன. ‘ஸ்ரீமன் நாராயண’, ‘தேவ தேவம் பஜே’, ‘பாவயாமி கோபாலபாலம்’ போன்றவை இந்தத் தொகுப்பின் மூலம்தான் தமிழ்நாட்டு வீடுகளில் புகுந்தன. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளோடு வடமொழித் தோத்திரங்களும், நாம ராமாயணமும், அனுமன் சாலீசாவும் சேர்ந்தன. தட்டுகளில் அம்மையாரோடு இணைந்து ஒலிக்கும் குரல் அவருடைய மகள் ராதா விசுவநாதனுடையது. சுப்ரபாதத்திலும் அவர் குரல் உண்டு.

எண்பதுகளில் ஒலிநாடா மலிந்தபோது பஞ்சரத்னமாலை இன்னும் எளிதாக ஊர் சுற்றியது. திருப்பதிக்கு வந்து திரும்புகிறவர்கள் லட்டுப் பிரசாதம், அலமேலு மங்காபுரம் குங்குமம், ஒரு ஒலிநாடா என்று பையில் வைத்துக் கொண்டுபோன காலம் அது. அதற்குமுன் அன்னமாச்சாரியார் என்ற பெயரையே கேட்டிராத தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பள்ளிப் போட்டிகளில் அவர் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். ஊதியமாகக் கிடைத்த பணம் அம்மையாரின் குடும்பத்துக்கு வேண்டிய நேரத்தில் கைகொடுத்தது. தேவஸ்தானத்துக்குக் கிடைத்ததோ, என்றும் தேயாத ஒரு சொத்து.

மலையில் இரண்டு மொழி

திருமலையில் தமிழும் தெலுங்கும் இப்படிக் கைமாறிக்கொள்வது புதிதல்ல. பழந்தமிழ் நூல்கள் தமிழகத்தின் வட எல்லையாகச் சொன்னது இந்த வேங்கடத்தைத்தான். ஆழ்வார்கள் பாடிய மலை இது. ஆண்டு முழுவதும் விடியற்காலையில் சுப்ரபாதம் ஒலிக்கும் சந்நிதியில், மார்கழி மாதம் மட்டும் அதை நிறுத்திவிட்டு ஆண்டாளின் திருப்பாவையைச் சேவிக்கிறார்கள். வைணவ சித்தாந்தத்தைக் குருவிடம் பயின்ற அன்னமாச்சாரியார், ஆழ்வார்களிடம் அளவற்ற பக்தி கொண்டவர். ஆழ்வார் தமிழில் ஊறிய பக்தி அன்னமாச்சாரியாரின் தெலுங்காயிற்று. அந்தத் தெலுங்கை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மதுரையில் பிறந்த ஒரு பெண்மணி பாடி ஊரெல்லாம் கேட்க வைத்தார்.

எல்லைக்கோடு எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அங்கே போயிற்று. 1960-ல் திருத்தணி மட்டும் தமிழகத்துக்குத் திரும்பியது. 2022-ல் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு போராட்டமும் ஒரு மனக்கசப்பும் உண்டு. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்ட தமிழர்களும், பிழைப்புக்காகப் பின்னால் வந்தவர்களும், கடைத்தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வாழப் பழகிவிட்டார்கள். பிள்ளை பள்ளியில் தெலுங்கு எழுத்துக் கூட்டுகிறதே, தமிழ் மறந்துவிடுமோ என்ற கவலை பல தாய்மார்களுக்கு உண்டு. பஞ்சரத்னமாலையைக் கேட்டால் அந்தக் கவலைக்கு ஓரளவு பதில் கிடைக்கும். தெலுங்கைக் குறைவில்லாமல் உச்சரித்ததால் எம்.எஸ். அம்மையாரின் தமிழ் ஒரு மாற்றுக்கூடக் குறைந்துவிடவில்லை.

திருப்பதி மறக்கவில்லை

சதாசிவம் 1997-ல் காலமானார். மறு ஆண்டு அம்மையாருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. சங்கீதத் துறையில் அந்த விருதைப் பெற்ற முதல் கலைஞர் அவரே. 2004 டிசம்பர் 11-ல் சென்னையில் அவர் மறைந்தார்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2006 ஜூன் மாதம், திருப்பதி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் பூரணகும்பம் சந்திப்பில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. அன்றைய முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அதைத் திறந்து வைத்தார். தமிழ்நாட்டுப் பாடகிக்கு ஆந்திர அரசு தன் புனித நகரின் நடுவே சிலை எழுப்பியது. அப்போது, வேற்று மாநிலத்தவருக்கு இங்கே ஏன் சிலை என்று திருப்பதியில் கேட்கத் தேவையே இருக்கவில்லை. தினமும் விடியற்காலையில் தம் வீட்டுக்குள் வந்து எழுப்பும் குரலை யார்தான் வேற்றாளாக நினைப்பார்கள்?

திருப்பதிக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழ் இளைஞனுக்கு உறவினர்கள் முதலில் காட்டுவது கோவிந்தராஜர் கோயில் கோபுரத்தை. அப்படியே பூரணகும்பம் பக்கமும் ஒரு நடை அழைத்துப்போய் அந்தச் சிலையையும் காட்டலாம். வீடு போன நேரத்தில் யாரிடமும் கை நீட்டாமல், வயதில் இளையவரிடம் பாடம் கேட்டு, இந்த ஊர் மொழியை இந்த ஊராரே மெச்சும்படி பாடி, கூலியை வாங்கிக்கொண்டு போனவர் இவர் என்று சொல்லலாம்.

சித்தூர் பஸ் புறப்படுகிறது. டீக்கடையில் சுப்ரபாதம் முடிந்து அடுத்த பாட்டு தொடங்குகிறது. அது பெரும்பாலும் அந்த ஐந்து தட்டுகளில் ஒன்றிலிருந்துதான் வரும்.